இருபத்தொன்பதாம் வளைவில் நிற்கும் வண்டி

எலுமிச்சம்பழத்தை நசுக்க மறுத்த வாகனம் இவ்வுலகில் ஒன்றே ஒன்று உண்டெனில், அது எனது மின்சாரப் பிக்கப் வண்டியாகத்தான் இருத்தல் வேண்டும்.

பொள்ளாச்சியில் டயர்க் கடை வைத்திருக்கும் தாஜுதீன் பாய் வண்டியோடு வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு நான்கு டயர்களைப் பூட்டி முடித்திருந்தார். வழக்கப்படி சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வண்டியை முன்னே நகர்த்த முயன்றேன். அது நகரவில்லை. முகப்புப் பலகையினுள்ளிருந்து குரல் எழுந்தது.

"மதிப்பிற்குரிய உரிமையாளரே, சக்கரப் பாதையில் தடைகள் கண்டறியப்பட்டுள்ளன. அகற்றி உதவுக."

"அது தடை இல்லீங், பழம்," என்றேன்.

"தடையின் பெயர் பதிவு செய்யப்பட்டது. அகற்றி உதவுக."

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாணியக்கா, பழத்த எடுத்துக் கையாலயே புழிஞ்சு டயர் மேல விட்டுருங்க. சாமி கோவிச்சுக்காது. வண்டிதான் கோவிச்சுக்கும்."

ஆகவே, கோகிலவாணி ஆகிய நான் எனது சொந்த வாகனத்தின் முன்னே குனிந்து, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். இந்த வாகனத்தை வாங்கிய நாள்தொட்டு நான் அடைந்துவரும் சலிப்பின் ஒரு சிறு துளியே அது.

டயர்களை மாற்ற நேர்ந்த காரணத்தைக் கூறிவிடுகிறேன். வால்பாறைக்கு மேலே உள்ள பனிச்சோலை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்துக்கும் மருத்துவமனைக்கும் நாள்தோறும் காலையில் பாலும் காய்கறியும் கொண்டு சேர்ப்பது என் தொழில். எனக்கு வேறு தொழில் இல்லை. அந்த ஒப்பந்தம் இருக்கும்வரைதான் வண்டியும் உண்டு, நானும் உண்டு. மலைச்சாலை விபத்துகள் பெருகிய பின்னர் வந்த சட்டத்தின்படி, மின்சார வாகனங்களை மலையில் மனிதர் தம் விருப்பம்போல் ஓட்ட இயலாது. டயர்கள் சாலையை உணர்ந்து கூற, அதன்படி வண்டியே செல்லும். எனது புதிய வண்டியோடு வந்த புதிய டயர்களோ ஒன்றும் அறியாதவை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவை தவழ்ந்தன. நான் சென்று சேரும் வேளையில் காப்பகத்துக் குழந்தைகள் அழுது ஓய்ந்து உறங்கியிருந்தனர்.

"புதுசு என்னக்கா புதுசு? பச்சக் கொழந்தைங்க அதுக," என்றார் பாய். "இந்த செட்டப் பாருங்க. பல வருசம் மலையிலயே கெடந்தது. மேல் ரப்பர் எத்தன தடவ மாத்துனாலும் உள்ள இருக்குற வளையத்துல படிப்பு அப்படியே இருக்கும். எங்க வழுக்கும், எங்க பனி எறங்கும், எங்க வரையாடு குறுக்க வரும், எல்லாம் தெரியும். பனிச்சோலை வரைக்கும் போற மேல் ரோட்டப் படிச்ச செட்டு இந்தத் தாலுகாவுலயே இது ஒண்ணுதான்."

"அப்பறம் ஏனுங் பாய் இத்தன நாளா விக்காம கெடந்துச்சு?"

பாய் சக்கரத்தின் நட்டை மறுபடியும் முடுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே முடுக்கப்பட்ட நட்டு அது. அந்நேரத்தில் நான் அதனைக் கவனித்திருத்தல் வேண்டும்.

டயர் மாறிய செய்தியை வண்டியின் பிற உறுப்புகளுக்கு அறிவிப்பதற்குள் என் பொறுமையில் பாதி தீர்ந்தது. சேறு தெறிக்காதிருக்கப் பின்புறம் மட்ஃபிளாப் மாட்டினேன். பின்பக்கக் கேமரா அதனை யாரோ தொடர்ந்து வருவதாகக் கருதி ஓயாமல் எச்சரித்தது. காய்கறிக் கூடைகளுக்காக மேலே கேரியர் பொருத்தினேன். வண்டி தன்னைப் பேருந்து என்று எண்ணிக்கொண்டு, தாழ்ந்த மரக்கிளைகளைக் கண்டால் தயங்கியது. தார்ப்பாய் காற்றில் படபடத்தால் கதவு திறந்திருப்பதாகப் புகார் கூறியது. ஒவ்வோர் உதிரிப் பொருளையும் அதற்கு முறையாக அறிமுகம் செய்து வைக்க வேண்டுமாம். சம்பந்திகளைக்கூட நான் இவ்வளவு பணிவாக அறிமுகம் செய்து வைத்ததில்லை.

எனினும் மறுநாள் விடியலில் ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது, அத்தனை எரிச்சலையும் மறந்தேன். அவ்வளவு அழகாக ஏறியது வண்டி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவின் நடுவில் மெல்ல உந்தி, வெளிவரும்போது நிமிர்ந்தது. எங்கோ ஓரிடத்தில் காரணமின்றி நின்றதாக எண்ணினேன். பாறை மேலிருந்து வரையாடு ஒன்று குதித்துச் சாலையைக் கடந்தது. பின்னால் இருந்த பால் கேன்கள் சிறிதும் தளும்பவில்லை. பாயை மனமார வாழ்த்தினேன்.

அவ்வாழ்த்து இருபத்தொன்பதாம் வளைவு வரையில்தான் நிலைத்தது.

அவ்வளைவை ஒட்டி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்று தனித்து நிற்கிறது. அதன் வாசலுக்கு நேரே வந்ததும் வண்டி இருமுறை ஒலியெழுப்பிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றது.

"என்னாச்சு?" என்றேன்.

"பழகிய நிறுத்தம். பயணம் விரைவில் தொடரும்."

"யாருக்குப் பழகுன நிறுத்தம்? நான் இங்க நின்னதே இல்லியே!"

"பழகிய நிறுத்தம்," என்றது குரல்.

இறங்கிப் பார்த்தேன். கோயில் ஏதும் இல்லை. யானை இல்லை. வீட்டின் கதவு பூட்டியிருந்தது. சேவை மையத்தைக் கைபேசியில் அழைத்தேன். நெடுநேர இசைக்குப் பின்னர் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், அது டயரோட முந்தைய ஓட்டுநர் பழக்கம். அதை நாங்க இங்கேருந்து அழிச்சா, மலைப் படிப்பும் சேர்ந்து அழிஞ்சிடும்."

"நானே ஆக்ஸிலேட்டர மிதிச்சுக் கெளப்பிக்கறனுங். அதையாச்சும் உடச் சொல்லுங்."

"அதுக்கு விதி இல்ல மேடம். மலையில பிரேக் போட உங்களுக்கு எப்பவும் உரிமை உண்டு. ஆனா டயர் நிக்கச் சொன்ன வண்டியைக் கிளப்ப உரிமை இல்ல. யாரு கத்துக் குடுத்தாங்களோ அவங்க கை ஸ்டீயரிங்ல இருந்தா மட்டும்தான் அந்தப் பழக்கம் மாறும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியே கிட்டாதவளிடம் வேறு உதவி வேண்டுமா என்று வினவும் கலையை இவர்களுக்கு யார் கற்பித்தனரோ அறியேன். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து வண்டி தானாகவே கிளம்பிற்று. எஸ்டேட்டின் கொள்முதல் அதிகாரி நிரஞ்சன் வாயிலிலேயே நின்றிருந்தார்.

"மேடம், புது டயர்ல லேட்டு. இப்ப அனுபவம் உள்ள டயர்லயும் லேட்டா? குழந்தைங்களுக்கு உங்க டயர் கதை புரியாது. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

முன்னதாகப் புறப்படவும் வழியில்லை. அடிவாரத்து வனச் சாவடி விடிந்த பின்னரே திறக்கும். மறுநாளும் வண்டி அதே வாசலில் ஒலியெழுப்பி நின்றது. நான் இறங்கி, எவரும் காணவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முன் சக்கரத்தை ஓர் உதை உதைத்தேன்.

"ஒதைக்காதீங்க யக்கா. அதுக்கு வலிக்காது. உங்களுக்குத்தான் வலிக்கும்."

திரும்பினேன். வீட்டின் கதவு திறந்திருந்தது. சாயம்போன ஸ்வெட்டர் அணிந்த ஒருவர் படியில் நின்று, டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தேநீர்த் தம்ளருடன் அவருடைய மனைவி நின்றிருந்தார்.

"ஜெசிந்தா, ஹாரனக் கேட்டதும் சொன்னேன்ல? என் வண்டிதான்னு."

"வண்டி அக்காவோடது. டயருதான் ஒங்களோடது," என்று திருத்தினார் மனைவி. பின்பு என் கையில் தம்ளரைத் திணித்தார். "குடிங்கக்கா. நேத்து ஊருக்குப் போயிருந்தோம். இல்லேன்னா நேத்தே வந்திருப்போம். அது அரை மணி நேரம் அசையாது."

அம்மனிதரின் பெயர் சகாயராஜ். ஒரு லாரிக் கம்பெனியின் பிக்கப் வண்டியை இம்மலையில் பல்லாண்டுகள் ஓட்டியவர். நாள்தோறும் இவ்வாசலில் நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு, மனைவியோடு ஒரு சண்டையையும் முடித்துக்கொண்டு செல்வாராம்.

"தெனமும் சண்டையாங்?" என்றேன்.

"அரை மணி நேரம் வேற என்னக்கா பண்றது?" என்றார் ஜெசிந்தா.

சகாயராஜ் சக்கரத்தின் அருகே குந்தி, ரப்பரின் மேல் விரலை ஓட்டினார். "ஒரு நாளு மொதலாளி கூப்பிட்டாரு. 'சகாயம், டயரு எல்லாத்தையும் படிச்சிருச்சு. ஆளில்லாமலே போற லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கேன். நீ வீட்டுல இரு'ன்னாரு. நான் ஓட்டுனத என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எடுத்துக்கிட்டாங்க. சம்பளம் குடுத்தது ஓட்டுறதுக்கு யக்கா, சொல்லிக் குடுக்குறதுக்கு இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? மறுநா காலையில லைசென்ஸ் குடுக்குற ஆபீசரெல்லாம் உக்காந்து, ஆளில்லாம வண்டிய விட்டாங்க. நேரா வந்து என் வாசல்ல நின்னு ரெண்டு ஹாரன் அடிச்சுச்சு."

ஜெசிந்தா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். "ஆபீசருங்க எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தேன்கா."

"தானா நிக்கிற வண்டிக்கு ஆளில்லா லைசென்ஸ் கெடையாதுன்னுட்டாங்க. மொதலாளி கோவத்துல டயரக் கழட்டி வித்துட்டாரு. ஆனா என்ன மறுபடி கூப்பிடல."

அவர் சிரிக்கவில்லை. நானும் என் தேநீரைப் பாதியில் நிறுத்தினேன். ஆயினும் மாதக் கடைசி என் நினைவில் இருந்தது. என் நிலையை எடுத்துரைத்தேன். காப்பகத்துக் குழந்தைகளைப் பற்றியும் கூறினேன். அவர் கை ஸ்டீயரிங்கில் இருந்தால் இப்பழக்கத்தை மாற்றலாம் என்று சேவை மையத்தார் சொன்னதையும் தயக்கத்துடன் தெரிவித்தேன்.

"எங்கிட்டயே வந்து, என் வீட்டத் தாண்டிப் போகக் கத்துக் குடுன்னு கேக்குறீங்க," என்றார் சகாயராஜ்.

"ஆமாங்," என்றேன்.

"முடியாது யக்கா. அந்த டயர்ல எனக்குன்னு மிச்சமிருக்கறது இந்த ஒரு நிப்பாட்டுதான்."

"அதுல என்னய்யா மிச்சம்? டீ மிச்சம்," என்றார் ஜெசிந்தா. "ஒத்தப் பொம்பள பொழைக்கறதுக்கு வந்து நிக்கிறாங்க. புள்ளைங்க பாலுக்கு அழுவுதுங்க. போய் ஓட்டு."

அடுத்த நாள் தொட்டு, மலையின் பாதி வழியில் சகாயராஜ் நடந்து வந்து எனக்காகக் காத்திருப்பார். நான் பக்கத்து இருக்கைக்கு மாறுவேன். அவர் கை பட்டதும் வண்டி, பழைய எசமானரைக் கண்ட நாயைப்போல் மெல்லக் குலுங்கும். முதல் நாள் தம் வாசல் வந்ததும் அவரே பிரேக்கை மிதித்துவிட்டார்.

"ஏனுங், நீங்களே நிறுத்தறீங்?"

"கால் கேக்க மாட்டேங்குது யக்கா."

"யோவ், போய்யா!" என்று வீட்டுக்குள்ளிருந்து ஜெசிந்தா கத்தினார். பின்பு கதவைச் சாத்திக்கொண்டார். நாள்தோறும் அந்நேரத்தில் கதவு சாத்தியே இருந்தது. சில நாட்களில் நிறுத்தம் சுருங்கித் தயக்கமாயிற்று. பின்னர் தயக்கமும் போயிற்று. ஹாரன் மட்டும் ஒருமுறை ஒலித்தது. கடைசியில் அதுவும் அடங்கிற்று. அன்று சகாயராஜ் இறங்கி, டயரைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சரிவில் நடந்து சென்றார். அதன்பின் அவர் வருவதற்குக் காரணம் இருக்கவில்லை.

அந்த வாரத்திலேயே பனி இறங்கத் தொடங்கியதால், பனிமூட்ட விளக்கு வாங்கிப் பொருத்தினேன். கம்பெனி விளக்கு கிடைக்கவில்லை. ஆகவே வெளிக் கடையில் வாங்கினேன். அதைப் பொருத்திய மறுகணம் வண்டியின் குரல் அற்றுப்போயிற்று. கம்பெனி விளக்கு வரும்வரையில் பேசாதாம். பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகும் மருமகள்கூட இவ்வளவு அழுத்தமாக இருக்க மாட்டாள். சேவை மையத்தில் அதற்கும் ஒரு புகார் எண் தந்தனர். பெருமூச்செறிந்தேன். எப்படியாயினும் பால் உரிய நேரத்தில் சென்றது. எனக்கு அது போதுமாயிருந்தது.

மாதக் கடைசியில் நிரஞ்சன் என்னை அழைத்து, நாற்காலியில் அமரச் சொன்னார். இதற்குமுன் அவர் அமரச் சொன்னதில்லை.

"சூப்பர் மேடம். ஒரு நாள்கூட லேட் இல்ல. இப்ப ஒரு நல்ல விஷயம் சொல்றேன். எஸ்டேட்டே சொந்தமா ஒரு பிக்கப் வாங்குது. உங்க டயர் செட்டை நாங்க எடுத்துக்கறோம். நல்ல விலை."

"அப்ப நானுங்?"

"உங்களுக்குத்தான் விலை குடுக்கறோமே! ஆளில்லா லைசென்ஸ் கிடைச்சிடும். அந்த நிக்கிற பிரச்சினைதான் சரியாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"நான் விக்கலீனா?"

அவர் புன்னகை செய்தார். "விக்கலைன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம். ஒப்பந்தம் இல்லாம இந்த மேல் ரோட்டு டயரை வெச்சு என்ன பண்ணுவீங்க? நாளைக்கு நானே உங்ககூட வண்டியில வர்றேன். ஒரு தடவை பார்த்துட்டு எழுதிக்கலாம். எங்கயாவது நின்னா மட்டும் எங்களுக்கு வேண்டாம். அப்ப நீங்களே ஓட்டுங்க. வேற செட்டு இல்லையே, என்ன பண்றது?"

வீடு திரும்பும் வழியெல்லாம் என்மீதே எனக்குச் சினம் பொங்கியது. என் பிழைப்புக்குக் குறை என்று கருதி, ஒரு மனிதரைக் கெஞ்சி, அவர் மனைவியைக் கதவு சாத்த வைத்து, எதனை நான் அழித்தேனோ, அதுவே என் பிழைப்பின் காவலாக இருந்திருக்கிறது. சகாயராஜுக்கு நேர்ந்தது இப்போது எனக்கு நேரப்போகிறது. வேறுபாடு ஒன்றே. அவருடைய வண்டி அவர் வாசலைத் தேடி வந்தது. என் வண்டி எவர் வாசலுக்கும் வராது.

மறுநாள் காலையில் நிரஞ்சன் குளிர்க் கண்ணாடியும் காதொலிப்பானுமாக அடிவாரச் சாவடிக்கே வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். கைபேசியில் எவருடனோ பேசிக்கொண்டே வந்தார். வண்டி அன்று வெண்ணெயைப்போல் வழுக்கிச் சென்றது. ஒவ்வொரு வளைவையும் அது அழகாகக் கடக்கக் கடக்க, எனக்கு அதனை வெறுக்கத் தோன்றிற்று.

"என்ன ஸ்மூத்தா போகுது!" என்றார்.

"ஆமாங்," என்றேன்.

இருபத்தெட்டாம் வளைவு கடந்தது. பனிக்குள்ளிருந்து ஓட்டு வீடு புலப்பட்டது. கதவு சாத்தியிருந்தது. வண்டி தயங்கவில்லை. வேகம் குறையவில்லை. கற்றதை அது உண்மையிலேயே மறந்திருந்தது.

மலையில் பிரேக் போட எனக்கு எப்போதும் உரிமை உண்டு என்று அந்தச் சேவை மையத்துப் பெண் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

சேலையின் கொசுவத்துக்குள் என் பாதம் மெல்ல அழுந்திற்று. வாசலுக்கு நேரே வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. வலக்கை விரலால் ஹாரனை இருமுறை அழுத்தினேன். 'உரிமையாளர் பிரேக் போட்டுள்ளார்' என்று வழக்கமாக உரைத்திருக்கும் குரல், வெளிக் கடை விளக்கின்மீது கொண்ட கோபத்தால் வாய் திறக்கவில்லை. அந்த விளக்கை வாழ்நாள் முழுவதும் மாற்றுவதில்லை என்று அக்கணமே முடிவு செய்தேன்.

நிரஞ்சன் காதொலிப்பானைக் கழற்றினார். "என்ன மேடம், ஏன் நிக்குது?"

"பழகுன நிறுத்தமுங்."

"சரியாயிடுச்சுன்னாங்களே?"

"சரியாத்தானுங் இருந்துச்சு. இதுக்கு எப்ப என்ன தோணும்னு யாருக்குத் தெரியும்? நான் அடையற தொல்ல கொஞ்ச நஞ்சமா? எலுமிச்சம்பழத்தையே மிதிக்க மாட்டேன்னுச்சுங்!"

கதவு திறந்தது. சகாயராஜ் படியில் வந்து நின்றார். முதலில் சக்கரங்களைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். அவர் பார்வை பிரேக்கின் மேலிருந்த என் பாதத்தின் பக்கம் இறங்கி, ஒருகணம் நின்று, மீண்டது.

"நிக்கிதா?" என்றார்.

"நிக்கிதுங்," என்றேன்.

"அது அப்படித்தான் சார்," என்று நிரஞ்சனிடம் திரும்பினார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "நானே பல நாளு மாத்திப் பாத்தேன். அடங்காத சாதி டயரு. எறங்கி ஒரு டீ சாப்புடுங்க. ஜெசிந்தா, சாருக்குச் சக்கர கம்மியா!"

நிரஞ்சன் தேநீர் அருந்தினார். சலித்துக்கொண்டார். அன்று மாலையே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்.

அதன்பின் நாள்தோறும் அவ்வாசலில் நானே பிரேக்கை மிதித்தேன். அரை மணி நேரம் அல்ல, நின்றவாறே ஒரு தம்ளர் குடிக்கும் நேரந்தான். பால் தாமதமாகவில்லை. பெருமழை நாட்களில் சகாயராஜ் என்னுடன் ஏறிக்கொள்வார். அவர் ஓட்டுவார், ஊதியத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஜெசிந்தா இப்போது என்னோடும் சண்டையிடத் தொடங்கிவிட்டார். சேலையைப் பற்றி, சர்க்கரையைப் பற்றி, நான் வண்டியைக் கழுவாதது பற்றி.

மழைக்காலம் முடிந்த ஒரு காலைப்பொழுதில், இருபத்தெட்டாம் வளைவு தாண்டியதும் வழக்கம்போல் பாதத்தை நகர்த்தினேன். அது பிரேக்கை அடைவதற்கு முன்பே வேகம் குறைந்தது. வண்டி ஓரமாக ஒதுங்கிற்று. இருமுறை ஒலியெழுப்பிற்று.

சகாயராஜ் ஜன்னலருகே வந்து குனிந்தார். "யக்கா, இன்னிக்கு என்ன, இவ்வளவு மெதுவா மிதிச்சீங்க?"

"நான் இன்னும் மிதிக்கவே இல்லீங்," என்றேன்.